கயிலை யாத்திரை: போவதற்கும் திட்டம், திரும்புவதற்கும் திட்டம்

ஐந்து ஆண்டுகள் நின்று போயிருந்த கயிலாய மானசரோவர் யாத்திரை 2025 ஜூன் மாதம் மீண்டும் தொடங்கியது. அது முதல் நம் சங்கத்து அன்பர்கள் பலர், கோயிலில் பார்த்தாலும் சரி, காய்கறிக் கடையில் பார்த்தாலும் சரி, என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "சார், எங்களால் போக முடியுமா?"

நான் 2018-ல், ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற மறு வருடம், நாதுலா வழியாகப் போய் வந்தவன். கயிலையின் மகிமையை எழுத எனக்குத் தகுதி கிடையாது. அதைப் பெரியோர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் டிப்ளமா முடித்து, முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் இருப்புப்பாதைப் பராமரிப்பில் இருந்தவன். வேலையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எங்கே எது தவறும் என்று முன்கூட்டியே பார்த்து வைப்பதுதான் எங்கள் பிழைப்பு. அந்த முறையில், யாத்திரைக்கு எப்படித் திட்டமிடுவது என்று மட்டும் எழுதுகிறேன். கூடவே, திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு விஷயத்தையும் சொல்கிறேன்.

மலையும் அளவுகளும்

கயிலை மலையின் உயரம் சுமார் 6,600 மீட்டர். இதைவிட உயரமான சிகரங்கள் இமயத்தில் ஏராளம். ஆனால் இதன் உச்சியில் இன்றுவரை மனிதக் காலடி பட்டதில்லை. யாரும் ஏறுவதும் இல்லை, ஏற அனுமதியும் இல்லை. நாம் போவது மலையை வலம் வர. நமக்குச் சிவபெருமான் இருப்பிடம். சமணர்களுக்கு ரிஷபதேவர் முக்தி அடைந்த அஷ்டாபதம். பௌத்தர்களுக்கும், திபெத்தின் பழைய பான் சமயத்தாருக்கும் புனித மலை. நாம் வலமாகச் சுற்றும்போது பான் சமயத்தார் எதிர்ப்புறமாக வருவார்கள். பார்த்து ஒதுங்கி, கும்பிட்டுப் போக வேண்டியதுதான்.

மானசரோவர் ஏரி சுமார் 4,590 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பரிக்கிரமா தொடங்கும் டார்சன் என்ற ஊரும் கிட்டத்தட்ட அதே உயரம். வலம் வரும் பாதை 52 கிலோமீட்டர், மூன்று நாள். அதில் மிக உயர்ந்த இடம் டோல்மா கணவாய், சுமார் 5,630 மீட்டர்.

இந்த எண்கள் மனத்தில் பதிய வேண்டுமானால் நமக்குத் தெரிந்த ஒன்றோடு ஒப்பிட வேண்டும். ஊட்டி ரயில் நிலையம் 2,203 மீட்டர். நீலகிரியின் தலைச்சிகரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஆக, ஒரு தொட்டபெட்டாவின் மேல் இன்னொரு தொட்டபெட்டாவை வைத்தாலும் டோல்மா கணவாய்க்கு எட்டாது. அங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் பாதி பிராணவாயு. இந்தக் கட்டுரையில் மற்றதையெல்லாம் மறந்தாலும் இந்த ஒரு கணக்கை மறக்க வேண்டாம்.

எந்த வழியாகப் போவது?

1962 போருக்குப் பிறகு மூடிக் கிடந்த பாதை 1981-ல் திறந்தது. அன்று முதல் நமது வெளியுறவு அமைச்சகம் யாத்திரையை நடத்தி வருகிறது. அரசு வழிகள் இரண்டு.

முதலாவது, உத்தராகண்டில் லிபுலேக் கணவாய் வழி. கணவாயின் உயரம் சுமார் 5,100 மீட்டர். அந்தக் காலத்தில் இது நாட்கணக்கில் நடை. காலா என்ற இடத்திலிருந்து 4,444 படிகள் இறங்க வேண்டும் என்று பழைய யாத்ரிகர்கள் இன்றும் முழங்காலைத் தடவிக்கொண்டே சொல்வார்கள். அந்தப் பாதையில்தான் 1998 ஆகஸ்டில் மால்பா கிராமத்தின் மேல் இரவில் மலை சரிந்தது. இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் சுமார் அறுபது பேர் கயிலை யாத்ரிகர்கள். ஒடிசி நடனக் கலைஞர் புரோதிமா பேடியும் அவர்களில் ஒருவர். 2020 மே மாதம் லிபுலேக் வரை சாலை திறக்கப்பட்ட பிறகு, இந்தியப் பக்கத்து நடை வெகுவாகக் குறைந்துவிட்டது.

இரண்டாவது, சிக்கிமில் நாதுலா வழி. 2015-ல் தொடங்கியது. கணவாய் 4,310 மீட்டர். காங்டாக்கிலிருந்து மெல்ல மெல்ல உயரத்துக்குப் பழக்கி, எல்லை கடந்ததும் காங்மா, லாஸி, ஸோங்பா என்று ஒவ்வோர் இரவு தங்கி, நாலாம் நாள் டார்சன் சேர்ப்பார்கள். பரிக்கிரமா தவிர நடை அதிகம் இல்லை. எனவே மூத்தவர்களுக்கு உகந்தது.

2025-ல் லிபுலேக் வழியாக 50 பேர் கொண்ட 5 குழுக்களும், நாதுலா வழியாக 50 பேர் கொண்ட 10 குழுக்களும் சென்றன. லிபுலேக் வழிக்கு 22 நாள், சுமார் 1.74 லட்சம் ரூபாய். நாதுலாவுக்கு 21 நாள், சுமார் 2.83 லட்சம் ரூபாய். இது வருடத்துக்கு வருடம் மாறும்.

மூன்றாவதாக, தனியார் ஏற்பாட்டில் நேபாளம் வழியாகப் போகிறவர்களும் உண்டு. நேபாள்கஞ்சிலிருந்து சிறு விமானத்தில் சிமிகோட், அங்கிருந்து ஹெலிகாப்டரில் ஹில்சா, பிறகு எல்லை கடந்து தக்லாகோட். நாள் குறைவு என்பதுதான் இதன் கவர்ச்சி. அதுவேதான் இதன் ஆபத்தும். சமவெளியில் காபி குடித்த மனிதர் இரண்டு மூன்று நாளில் 4,000 மீட்டர் உயரத்தில் படுத்திருப்பார். உடம்புக்கு அந்த அவசரம் பிடிக்காது. தவிர, மேகம் இறங்கினால் ஹெலிகாப்டர் பறக்காது. 2018 ஜூலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நம் யாத்ரிகர்கள் இந்த வழியில் நடுவே மாட்டிக்கொண்டு, பல நாள் கழித்துத்தான் திரும்பினார்கள். காட்மாண்டுவிலிருந்து சாலை வழியாகப் போவோருக்கு, 2025 ஜூலை வெள்ளத்தில் ரசுவாகடி எல்லைப் பாலமே அடித்துக்கொண்டு போனது. இந்த வழியில் போகிறவர்கள் ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும்: வழியில் பழகுவதற்கு எத்தனை இரவு? மாட்டிக்கொண்டால் கையிருப்பு எத்தனை நாள்? இதற்குப் பதில் சொல்லத் தயங்கும் ஏஜென்டை விட்டுவிடுங்கள்.

மனுவும் காகிதமும்

அரசு யாத்திரைக்கு இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்று ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கும் உங்கள் பிள்ளைகள் இதில் சேர முடியாது. வயது ஜனவரி 1 அன்று 18-க்குக் குறையாமலும் 70-க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். பாஸ்போர்ட் அந்த வருடம் செப்டம்பர் 1-ஆம் தேதியிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்ல வேண்டும். மனு, வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்தில் மட்டுமே. கணவன் மனைவி போல இருவர் சேர்ந்து ஒரே மனுவாகப் போடலாம். ஆள் எடுப்பது கம்ப்யூட்டர் குலுக்கல். சிபாரிசுக்கு இடமில்லை. 2025-ல் 5,561 பேர் மனுச் செய்து 750 பேர் தேர்வானார்கள். ஓர் இடத்துக்கு ஏழு பேருக்கு மேல் போட்டி. ஆகவே ஒரு வருடம் கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம்.

இன்னொரு நிபந்தனை: உடல் எடைக் குறியீடு, அதாவது பி.எம்.ஐ., 25-க்குள் இருக்க வேண்டும். 165 செ.மீ. உயரமுள்ளவர் 68 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று அர்த்தம். நம்மில் பலருக்கு டோல்மா கணவாய் இங்கேயே தொடங்கிவிடும்!

தமிழக அரசு உட்படச் சில மாநில அரசுகள் தம் மாநிலத்து யாத்ரிகர்களுக்கு உதவித்தொகை தருகின்றன. ஆனால் ரேஷன் கார்டும் ஆதாரும் டில்லி முகவரியில் இருக்கும் நமக்குத் தமிழக உதவியை எதிர்பார்ப்பதற்கில்லை. பட்ஜெட் போடும்போது அதைச் சேர்க்காதீர்கள்.

உடம்பைத் தயார் செய்வது

ஆறு மாதம் வேண்டும். முதல் வேலை டாக்டர். இரத்த அழுத்தம், சர்க்கரை, இ.சி.ஜி., டிரெட்மில் சோதனை எல்லாம் இப்போதே எடுத்துப் பாருங்கள். அரசு யாத்திரையில் டில்லியில் முழுச் சோதனை உண்டு. அன்றுதான் முதல் முறையாக நமக்கு பி.பி. இருப்பது தெரிய வேண்டும் என்பதில்லை. பல் டாக்டரையும் பாருங்கள். ஆட்டம் காணும் பல் குளிரில் உயிரை எடுத்துவிடும்.

நடை: தினம் 2 கிலோமீட்டரில் தொடங்கி, மூன்று மாதத்தில் ஒரு மணி நேரத்தில் 5 கிலோமீட்டர் என்ற அளவுக்கு வர வேண்டும். நான்காவது மாதத்திலிருந்து படி ஏறுங்கள். டில்லி சமதளம்தான். ஆனால் ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திர் படிகள் இருக்கின்றன, அடுக்கு மாடிகள் இருக்கின்றன, மெட்ரோ நிலையப் படிகள் இருக்கின்றன. முதுகில் 4 கிலோ பையோடு ஏறி இறங்குங்கள். இறங்குவதும் பயிற்சிதான். டோல்மாவிலிருந்து கீழே வரும் செங்குத்தான கற்பாதையில் குதிரை மேல் உட்கார்ந்து இறங்க விடமாட்டார்கள். குதிரைக்குப் பணம் கட்டியவரும் அங்கே நடந்துதான் ஆக வேண்டும். முழங்கால் அன்றைக்குத்தான் கணக்குக் கேட்கும்.

ஷூவை இரண்டு மாதம் முன்பே வாங்கி, டில்லி வீதியிலேயே பழக்கிவிடுங்கள். புது ஷூவோடு கயிலை போகிறவர் கொப்புளத்தோடு திரும்புவார்.

காற்று செய்யும் வேலை

உயர மலை நோய் யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. நன்றாக நடப்பவருக்கு வராது என்பதில்லை. வயதானவருக்குத்தான் வரும் என்பதும் இல்லை. நடைப்பயிற்சி காலைப் பலப்படுத்தும், மூச்சைச் சீராக்கும். மலை நோயிலிருந்து காப்பாற்றாது. அதற்கு ஒரே கவசம் மெதுவாக உயர்வது. 3,000 மீட்டருக்கு மேல் போன பிறகு, படுக்கும் இடத்தின் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை அதே உயரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும். புதிதாகப் போட்ட இருப்புப்பாதையில் முதலிலேயே முழு வேகத்தில் ரயிலை விடமாட்டோம். வேகக் கட்டுப்பாடு வைத்து, பாதை உறுதியாக உறுதியாக வேகத்தைக் கூட்டுவோம். உடம்புக்கும் அதே முறைதான்.

அறிகுறிகளைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தலைவலி, குமட்டல், பசியின்மை, அசதி, தூக்கமின்மை ஆகியவை முதல் நிலை. மேலே ஏறாமல் அங்கேயே நின்றுவிட வேண்டும். ஓரிரு நாளில் சரியாகலாம். இரண்டாம் நிலை இரண்டு வகை. மூளையில் நீர் கோத்தால் தடுமாற்றம், குழறல், குழப்பம். ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரலோடு சேர்த்து வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் அபாயம். நுரையீரலில் நீர் கோத்தால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் விடாது, சளியில் நுரையோ இரத்தமோ தெரியும். இவ்விரண்டுக்கும் வைத்தியம் கீழே இறங்குவதுதான். இரவா பகலா என்று பார்க்கக் கூடாது. பிராணவாயு சிலிண்டரும் மருந்தும் இறங்கும்வரை தாங்குவதற்கு மட்டுமே.

அசிட்டசோலமைடு என்ற மாத்திரை (கடைகளில் டயமாக்ஸ்) உடம்பு உயரத்துக்குப் பழக உதவும். டாக்டர் சொல்லாமல் சாப்பிட வேண்டாம். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள், பி.பி.க்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும். தூக்க மாத்திரை, மது இரண்டும் கூடாது.

நம்மவர்களிடம் பச்சைக் கற்பூரத்தைத் துணியில் முடிந்து முகர்ந்துகொண்டே போகும் வழக்கம் இருக்கிறது. மூக்கு திறந்தது போலத் தோன்றும். இரத்தத்தில் பிராணவாயு ஒரு துளி கூடக் கூடாது. வாயில் போட்டுக்கொண்டால் விஷம். சுவாமிக்கு ஏற்றுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. எடுத்துப் போகலாம். ஆனால் டில்லியில் 98 காட்டியது அங்கே 80-களில் காட்டும். விரல் குளிர்ந்திருந்தால் இன்னும் தப்பாகக் காட்டும். எண்ணைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், எண்ணைப் பார்த்துத் தைரியம் கொள்ளவும் வேண்டாம். ஆளைப் பாருங்கள்.

பெட்டியில் என்ன?

தினசரி மாத்திரைகளை இரண்டு மடங்கு எடுத்து, பாதியைக் கைப்பையில், பாதியைப் பெட்டியில் வையுங்கள். இன்சுலின் உறைந்தால் பயன்படாது. உடம்போடு ஒட்டி உள்சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே தடித்த கோட்டை விட, ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் கழற்றக்கூடிய மூன்று நான்கு உடுப்புகள் மேல். வியர்வையில் நனைந்த பருத்தி பனியன் குளிரில் காயாது, கம்பளி உள்ளாடை நல்லது. மழைக்குப் பிளாஸ்டிக் போர்வைக் கோட்டு, காதை மூடும் குல்லாய், கறுப்புக் கண்ணாடி, டார்ச், ஊன்றுகோல். தாகம் எடுக்காவிட்டாலும் நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர்.

சாப்பாடு: டார்சன் உயரத்தில் தண்ணீர் சுமார் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகாது, சோறு நடுவில் அரிசியாகவே நிற்கும். குக்கர் இல்லாமல் நம் சமையல் நடக்காது. எங்கள் குழுவில் சாப்பாட்டுக் கமிட்டி ஒன்று போட்டோம். வறுத்த ரவை, அவல், புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, உப்பு நார்த்தங்காய், சுக்குப் பொடி ஆகியவற்றைத்தான் குழுவில் இருந்த குஜராத்திக்காரர்கள்கூடக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். பசி மந்தமான அந்த உயரத்தில், நார்த்தங்காய் ஒரு துண்டு இருந்தால்தான் நாலு வாய் உள்ளே போகும்.

மானசரோவரில் இறங்கி முழுக்குப் போடுவதை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். ஏரியின் தூய்மைக்காக அதற்குக் கட்டுப்பாடு உண்டு. அங்குள்ள அதிகாரிகள் சொல்கிறபடி, வாளியில் நீர் மொண்டு கரை தள்ளிக் குளிக்கலாம். பனிக்காற்றில் அதுவே போதும்.

இரண்டாம் நாள் கணக்கு

ரயில் பாதை அமைக்கும்போது ரூலிங் கிரேடியண்ட் என்று ஒன்றைப் பார்ப்போம். நூறு கிலோமீட்டர் பாதையில் தொண்ணூறு கிலோமீட்டர் சமதளமாக இருக்கலாம். ஆனால் வண்டி எவ்வளவு பாரம் இழுக்கலாம் என்பதை முடிவு செய்வது அந்தச் சமதளம் அல்ல. வழியில் உள்ள கடுமையான ஏற்றம்தான். சராசரியைப் பார்த்துப் பாரம் ஏற்றினால் வண்டி ஏற்றத்தில் நின்றுவிடும்.

கயிலைப் பரிக்கிரமாவின் கடும் ஏற்றம் இரண்டாம் நாள். முதல் நாள் டார்சனிலிருந்து வண்டியில் யமதுவாரம் போய், அங்கிருந்து சுமார் 12 கிலோமீட்டர் ஆற்றோரமாக நடந்து திராபுக் சேரலாம். மூன்றாம் நாள் ஏறத்தாழ சமதளம். ஆனால் இரண்டாம் நாள், 5,000 மீட்டருக்கு ஒட்டிய திராபுக்கிலிருந்து விடியுமுன் கிளம்பி, அறுநூறு மீட்டருக்கு மேல் ஏறி, டோல்மாவைப் பகலுக்குள் தாண்டி, கௌரி குண்டத்தை மேலிருந்தே தரிசித்துக் கற்பாதையில் இறங்கி, மறுபடி ஆற்றோரம் நெடுந்தூரம் நடக்க வேண்டும். எல்லாம் சேர்த்து இருபது கிலோமீட்டருக்கு அருகில். உங்கள் திட்டம் முழுவதையும் இந்த ஒரு நாளை வைத்தே போடுங்கள். இருபத்தொரு நாளில் இருபது நாள் சௌகரியமாக இருக்கிறதே என்று கணக்குப் போடாதீர்கள்.

டோல்மாவைத் தாண்டிய பிறகு திரும்பி வருவது என்பது கிடையாது. முன்னால் போவதுதான் வழி. ஆகவே "போவதா, திரும்புவதா" என்ற முடிவைத் திராபுக்கில் எடுத்துவிட வேண்டும். அங்கே, கயிலையின் வடக்கு முகம் நேர் எதிரே நிற்கும். பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருக்கும். அந்த இடத்தில் நின்று "நான் திரும்புகிறேன்" என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

எங்கள் குழுவில் நாற்பத்தைந்து வயதில் ஒரு வங்கி அதிகாரி. எல்லாரிலும் நல்ல நடைக்காரர். திராபுக்குக்கு முதலில் போய்ச் சேர்ந்தவர் அவர்தான். இரவு முழுவதும் மண்டையைப் பிளக்கும் தலைவலி. திருப்பி அனுப்பிவிடுவார்களே என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு ஷூ கயிற்றைக் கட்டத் தெரியாமல் விழித்துக்கொண்டிருந்ததை, பக்கத்துப் படுக்கைக்காரர் பார்த்துவிட்டார். நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் இரண்டாவது அடியில் சாய்ந்தார். தொடர்பு அதிகாரி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. ஆள் துணையோடு உடனே கீழே அனுப்பிவிட்டார். அன்று மாலை டார்சனில் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்ததாகச் செய்தி வந்த பிறகுதான் எங்களுக்குச் சாப்பாடு இறங்கியது. இன்னும் இரண்டு மணி நேரம் மறைத்திருந்தால், டோல்மா ஏற்றத்தில் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

வீட்டில் பேசி முடிக்க வேண்டியது

அரசு யாத்திரையில் நீங்கள் கையெழுத்திட வேண்டிய காகிதங்களில் ஒன்று, சீனப் பகுதியில் உயிர் பிரிய நேர்ந்தால் உடலை அங்கேயே தகனம் செய்ய ஒப்புதல். பலர் இதைக் கடைசி நாளில், வரிசையில் நின்றபடி, மனைவிக்குத் தெரியாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அது சரியல்ல. அந்தக் காகிதத்தை வீட்டுக் கூடத்தில், பிள்ளைகள் எதிரில், எல்லாரும் வாசிக்கும்படி வையுங்கள். அமங்கலம் என்று ஒதுக்காதீர்கள். அதை வாசித்த பிறகுதான் மற்ற கேள்விகள் வரும்.

முதல் கேள்வி: கணவன் மனைவி சேர்ந்து போகும்போது ஒருவரை டாக்டர்கள் நிறுத்திவிட்டால் மற்றவர் என்ன செய்வது? டில்லிச் சோதனையில் தேறினாலும், உயரத்துக்குப் போன பிறகு இந்தோ திபெத் எல்லைக் காவல் படை டாக்டர்கள் மறுபடி சோதிப்பார்கள். லிபுலேக் வழியில் குஞ்சியில், நாதுலா வழியில் ஷெராதாங்கில். அங்கே பி.பி. ஏறியிருந்தால் மேலே விடமாட்டார்கள். எங்களோடு திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி வந்திருந்தார்கள். ஷெராதாங்கில் அந்த அம்மாளுக்கு மூன்று முறை பார்த்தும் பி.பி. இறங்கவில்லை. நாங்கள் எல்லாரும் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றோம். அவர் மட்டும் நிதானமாக, "ஊர்லயே பேசினதுதானே? நீங்க போயிட்டு வாங்க. எனக்குத் தீர்த்தம் கொண்டாங்க. நான் டில்லியில தங்கச்சி வீட்ல இருக்கேன்" என்றார். கணவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார். வழி முழுவதும் இருவர் பெயரையும் சொல்லித்தான் கும்பிட்டார். அதே இடத்தில் அண்ணன் தம்பி இருவர். தம்பியை நிறுத்திவிட்டார்கள். அதைப் பற்றி முன்பு பேசி வைத்திருக்கவில்லை. இரவெல்லாம் வாக்குவாதம். அண்ணன் மறுநாள் எல்லை தாண்டினார். ஆனால் ஏரிக்கரையில்கூட அவர் முகம் தெளியவில்லை.

இரண்டாவது கேள்வி: மேலே போன பிறகு உங்கள் நிலையைப் பார்த்து முடிவு சொல்வது யார்? நிச்சயமாக நீங்கள் அல்ல. பிராணவாயு குறைந்த மூளைக்குத் தன் நிலை தெரியாது. குடித்தவர் "நான் நிதானமாகத்தான் இருக்கிறேன்" என்பது போலத்தான். கூட வரும் ஒருவரிடம், "நீ திரும்பச் சொன்னால் நான் காரணம் கேட்காமல் திரும்புவேன்" என்று டில்லியிலேயே வாக்குக் கொடுத்துவிடுங்கள். அவருக்கு நீங்களும் அதே காவல்.

மூன்றாவது, டில்லிவாசிகளான நமக்கே உரிய பொறுப்பு. ஊரிலிருந்து சித்தப்பாவோ மாமாவோ யாத்திரைக்காக நம் வீட்டில் வந்து இறங்குவார்கள். ஊரே மாலை போட்டு வழியனுப்பியிருக்கும். இங்கே சோதனையில் தேறாமல், சோர்ந்து போய் மறுபடி நம் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். "ஊர்ல எந்த முகத்தோட போய் நிப்பேன்?" என்பார்கள். அப்போது நாம் சொல்லும் நாலு வார்த்தைதான் அவர்களுக்குப் பிரசாதம். "அதுக்கென்ன, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று லேசாகச் சொல்லிவிட்டு டி.வி. பக்கம் திரும்பாதீர்கள். உட்கார வைத்து, ஒரு வாய் சாப்பிட வைத்து, அப்பர் கதையைச் சொல்லுங்கள்.

திரும்பி வந்த முதல் யாத்ரிகர்

நம் தமிழ் மரபில் கயிலைக்குப் புறப்பட்டவர்களில் அப்பர் பெருமானைப் போல் பாடுபட்டவர் யார்? சேக்கிழார் பெரிய புராணத்தில் விவரமாகச் சொல்கிறார். முதுமையில், துணை யாரும் இல்லாமல் வடதிசை போனார். கால் தேய்ந்தது, கையால் தவழ்ந்தார். கை தேய்ந்தது, மார்பால் ஊர்ந்தார். அதுவும் முடியாதபோது புரண்டார். அங்கே ஒரு முனிவர் வடிவில் இறைவனே வந்து, மானிட உடம்பால் அடையக்கூடிய இடம் அல்ல, திரும்பிப் போ என்றார். அப்பர் முதலில் இணங்கவில்லை. பிறகு இறைவன் ஆணைப்படி ஒரு பொய்கையில் மூழ்கினார். எழுந்த இடம் திருவையாறு. அங்கே, சோழ நாட்டுக் காவிரிக் கரையில், கயிலைக் காட்சி கிடைத்தது. இன்றும் திருவையாற்றில் ஆடி அமாவாசையன்று அப்பர் கயிலைக் காட்சி விழா நடக்கிறது.

இதில் நான் கவனித்தது இதுதான். காட்சி கிடைத்தது, மார்பு தேய மேலே போனபோது அல்ல. "திரும்பு" என்ற சொல்லுக்குக் கட்டுப்பட்ட பிறகு. அவர் பக்தியில் குறை என்று சேக்கிழாரும் சொல்லவில்லை, ஆயிரம் வருடமாக யாரும் சொல்லவில்லை. அப்படியிருக்க, ஷெராதாங்கில் டாக்டர் சொல்லித் திரும்பியவரும், திராபுக்கில் தலைசுற்றி இறங்கியவரும், "எனக்குக் கொடுப்பினை இல்லை" என்று ஏன் வருந்த வேண்டும்? எங்கள் வங்கி நண்பர் இன்னமும் தன்னைப் "பாதியில் திரும்பியவன்" என்றுதான் சொல்லிக்கொள்கிறார். சிவப்பு சிக்னலில் வண்டியை நிறுத்திய டிரைவரைக் கடமை தவறியவர் என்று ரயில்வேயில் யாரும் சொன்னதில்லை. அவரால்தான் பின்னால் இருந்த ஆயிரம் பேர் வீடு சேர்ந்தார்கள்.

ஆகவே அன்பர்களே, கயிலைக்குத் திட்டமிடுங்கள். இன்றே பாஸ்போர்ட்டை எடுத்துத் தேதியைப் பாருங்கள். எடை மெஷினில் ஏறிப் பாருங்கள். நாளை காலை முதல் நடக்கத் தொடங்குங்கள். வரும் ஞாயிறு சாப்பாடு ஆனதும் வீட்டார் எல்லாரையும் உட்கார வைத்து, நான் சொன்ன கேள்விகளைப் பேசி, முடிவை ஒரு தாளில் எழுதி, போகிறவர்கள் கையெழுத்திட்டுப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து வையுங்கள். குலுக்கலில் பெயர் வந்தால் அந்தத் தாளும் உங்களோடு மலைக்கு வரட்டும்.

கயிலைநாதன் அருளால் யாத்திரை செல்லும் அனைவரும் நலமாகப் போய், நலமாகத் திரும்பி, நம் சங்கக் கூடத்தில் தீர்த்தம் வழங்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.